பைத்தான் ஸ்டைல் மாறிக்கொண்டே இருக்கும்: மண்டி பில்லிங் கோட் வைத்திருப்பவர் என்ன செய்யலாம்

ஒரே ஒரு வரிதான். பில்லின் அடியில் மொத்தம் இவ்வளவு ரூபாய் என்று அச்சாக வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழியில் அதை ஆரம்பத்தில் சதவீதக் குறி போட்டு எழுதினோம். 2008-ல் 2.6, 3.0 பதிப்புகள் வந்தபோது அது பழசு, இனி ஃபார்மட் மெத்தடில் எழுதுங்கள் என்றார்கள். சரி என்று மாற்றினோம். 2016 டிசம்பரில் 3.6 வந்து எஃப்-ஸ்ட்ரிங்கைக் கொடுத்தது, ஃபார்மட்டும் பழசாகிப் போச்சு. 2025 அக்டோபரில் வந்த 3.14-ல் டி-ஸ்ட்ரிங் என்று இன்னொன்று. அது எஸ்க்யூஎல், எச்டிஎம்எல் மாதிரி இடங்களில் வெளியிலிருந்து வரும் உள்ளீட்டைப் பத்திரமாகக் கையாள வந்தது, எஃப்-ஸ்ட்ரிங்குக்கு மாற்று கிடையாது. ஆனாலும் "இன்னும் எஃப்-ஸ்ட்ரிங்கா?" என்று கேட்க ஒருவர் சீக்கிரமே கிளம்புவார், பாருங்கள். இத்தனைக்கும் நடுவில் அச்சாகும் பில்லில் ஓர் எழுத்து மாறவில்லை. நெல்லை மாவட்டம் களக்காட்டில் வாழைத்தார் மண்டி நடத்தும் அண்ணாச்சிக்கு இதில் எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவருக்கு கமிஷனும் இறக்குக்கூலியும் சரியாகக் கழிந்திருந்தால் போதும்.

எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் எரிச்சலோடு ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஓடினாலும் கோட் கெடும், "போங்கலே, நான் மாத்த மாட்டேன்" என்று உட்கார்ந்தாலும் ஒருநாள் கெடும். இரண்டுக்கும் நடுவில் எப்படி வேலை பார்ப்பது என்பதைத்தான் எழுதுகிறேன். திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டான் பக்கம் பெரிய ஐடி வளாகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது, கம்பெனியே விதி போட்டுக் கையில் கொடுத்துவிடும். வண்ணார்பேட்டையிலோ பெருமாள்புரத்திலோ ஒரு மாடியறையில் மூணு நாலு பேர் உட்கார்ந்து, மண்டி, அரிசி ஆலை, ஜவுளிக்கடை, தனியார் பள்ளி என்று பழைய கோடைப் பராமரித்துக்கொண்டு, புதுசாகச் சேர்ந்த பையன் ஒவ்வொருவனும் ஒரு புது ஸ்டைலோடு வந்து இறங்குவதைச் சமாளிப்பவர்களுக்காக இது.

முதல் வேலை, பிரிப்பது. "இப்பல்லாம் யாரும் இப்படி எழுதுறதில்லண்ணே" என்று ஒருவர் சொன்னவுடன் கீபோர்டில் கை வைக்காதீர்கள். இதை மாற்றாவிட்டால் ஓடுகிற கோட் ஒருநாள் நின்றுபோகுமா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அதை ஸ்டைல் கணக்கில் வைக்கக்கூடாது, அது கெடு வைத்த வேலை. உதாரணத்துக்கு, கலெக்ஷன்ஸ் மாட்யூலிலிருந்து மேப்பிங்கை நேரடியாக இறக்குமதி செய்வது 3.10-ல் நின்றுபோனது. டெஸ்ட் எழுதும்போது அசெர்ட்ஈக்வல்ஸ் என்று கடைசியில் எஸ் வைத்து எழுதிய பழைய பெயர் 3.12-ல் தூக்கப்பட்டது. டிஸ்ட்யூட்டில்ஸ் மாட்யூலே 3.12-ல் இல்லை. இவை எல்லாமே சில வருசம் எச்சரிக்கை கொடுத்த பிறகுதான் போயின. நாம்தான் அந்த எச்சரிக்கையைத் திரையில் பார்ப்பதில்லை, ஏனென்றால் பைத்தான் அதைப் பெரும்பாலும் மறைத்தே வைக்கிறது. அதனால் டெஸ்ட் ஓட்டும்போது டெப்ரிகேஷன் வார்னிங்கை எரராக மாற்றி ஓட்டுங்கள். மைனஸ் பெரிய டபிள்யூ போட்டு ஒரு கட்டளைதான். எது எது உடையும் என்று வரிசையாக வந்து நிற்கும். அந்தப் பட்டியலுக்கு மட்டும் தேதி குறித்து வேலை பாருங்கள், மற்றதெல்லாம் காத்திருக்கலாம்.

அடுத்த வகைதான் நம்ம ஊரில் அதிகம் கடிக்கும். புது ஸ்டைல் என்ற பெயரில் வருவது பல நேரம் புது மொழி வசதி, அது வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் ஓடாது. ஒரு மதிப்பு எண்ணா, எழுத்தா, பட்டியலா என்று கோடிலேயே சொல்லும் டைப் குறிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் 3.5-ல் அவை வந்தபோது டைப்பிங் மாட்யூலிலிருந்து பெரிய எல் வைத்த லிஸ்டை இறக்குமதி செய்து எழுதச் சொன்னார்கள். 2020-ல் 3.9 வந்ததும் சின்ன எல் லிஸ்டே போதும் என்றானது. 2021-ல் 3.10-ல் யூனியன், ஆப்ஷனல் எல்லாவற்றுக்கும் பதில் ஒரு நெட்டைக் கோடு போதும் என்றானது. 2023-ல் 3.12-ல் ஜெனரிக் எழுதும் முறையே மாறியது. ஒவ்வொன்றும் முந்தையதைவிட வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மண்டிக் கடையில் மேசைக்கு அடியில் தூசியோடு ஓடும் பெட்டியில் விண்டோஸ் 7 இருந்தால், அதில் ஏறும் கடைசி பைத்தான் 3.8தான். அங்கே போய் நெட்டைக் கோடு வைத்த டைப் குறிப்பை அப்படியே இறக்கினால் ஃபங்ஷனை வரையறுக்கும் வரியிலேயே டைப் எரர் அடித்து பில் போடும் திரையே திறக்காது. காலையில் தார் ஏலம் நடக்கிற நேரத்தில் போன் வரும். அண்ணாச்சி போனில் பேசும் தமிழை இங்கே எழுத முடியாது.

3.8-க்கு ஆதரவு 2024 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, விண்டோஸ் 7-க்கு அதற்கும் முன்னாலேயே. பெட்டியை மாற்றச் சொல்ல வேண்டியது நம்ம கடமை, சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். அதுவரை என்ன செய்யணும் என்றால், கோடை ஒழுங்காக அடுக்கும் கருவிகளான ரஃப் அல்லது பிளாக் எதைப் பயன்படுத்தினாலும் அமைப்புக் கோப்பில் டார்கெட்-வெர்ஷன் என்ற இடத்தில் பை38 என்று எழுதிவிடுங்கள். நீங்கள் உட்கார்ந்து எழுதும் லேப்டாப்பில் இருக்கும் பதிப்பைப் போடாதீர்கள், வாடிக்கையாளர்களில் மிகப் பழைய பெட்டியில் இருப்பதைப் போடுங்கள். அப்புறம் அந்தக் கருவி "இதைப் புது முறையில் எழுதலாமே" என்று சும்மா சும்மா நச்சரிக்காது. புதுசாகச் சேர்ந்தவர் கேட்டால் இந்த ஒரு வரியைக் காட்டிவிட்டு உங்கள் சோலியைப் பார்க்கலாம்.

மூன்றாவது வகை வெறும் அடுக்கு முறை. வரி எவ்வளவு நீளம், ஒற்றை மேற்கோளா இரட்டையா, கடைசி காற்புள்ளி வேணுமா, எங்கே மடிப்பது. இதில் ரசனையைத் தவிர வேறு எதுவும் இல்லை, சண்டை முழுக்க நடப்பதும் இதில்தான்.

பெயர் வைப்பது தனி. பழைய கோடில் நடுவில் பெரிய எழுத்து வைத்த பெயர்கள் இருந்தால் அவற்றை அப்படியே விடுங்கள். பைத்தானோடு வரும் லாகிங் மாட்யூலே இன்னும் கெட்லாகர், செட்லெவல் என்று அப்படித்தான் வைத்திருக்கிறது, யாரும் செத்துப் போகவில்லை. பெப் 8 என்ற பைத்தானின் ஸ்டைல் வழிகாட்டியே, 2001 ஜூலையில் எழுதப்பட்டதிலிருந்து இன்றுவரை பலமுறை திருத்தப்பட்டிருந்தாலும், தன்னைப் பின்பற்றுவதற்காக மட்டும் பழைய கோடோடு இருக்கும் இணக்கத்தை உடைக்காதீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஒரு ப்ராஜெக்ட்டுக்குள் ஒரே மாதிரி இருப்பது முக்கியம், ஒரு மாட்யூலுக்குள் ஒரே மாதிரி இருப்பது அதைவிட முக்கியம் என்றும் அதிலேயே இருக்கிறது. பெப் 8-ஐக் காட்டி மிரட்டுபவர்களில் பாதிப்பேர் அந்தப் பகுதிவரை வாசித்திருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் விதி மாறுவதும் கருவி குழப்புவதும் சேர்ந்து ஓர் ஆளை எப்படிக் கோட்டி ஆக்கும் என்பது இதில் முழுசாகத் தெரியும். மண்டி கணக்கில் விவசாயிக்குப் போகும் தொகை ஒரு நீளமான கணக்கு. தார் விலை, அதில் கமிஷன் கழிக்கணும், இறக்குக்கூலி கழிக்கணும், வண்டி வாடகை கழிக்கணும், முன்பணம் வாங்கியிருந்தால் அதையும் கழிக்கணும். ஒரு வரியில் அடங்காது, மடிக்கணும். கழித்தல் குறியை வரியின் கடைசியில் விட்டு மடிக்கணுமா, அடுத்த வரியின் முதலில் வைத்து மடிக்கணுமா? பெப் 8 பல வருசம் கடைசியில் விடுங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 2016 ஏப்ரலில் தலைகீழாக மாற்றி, முதலில் வையுங்கள், டொனால்ட் நூத் கணிதச் சமன்பாடுகளுக்குச் சொன்ன முறை அதுதான் என்று எழுதினார்கள். நேர்மையாகச் சொன்னால் புது முறைதான் நல்லது. கழித்தல் குறி ஒவ்வொரு கழிவுக்கும் பக்கத்திலேயே நிற்பதால் எதைக் கூட்டுகிறோம், எதைக் கழிக்கிறோம் என்று மேலிருந்து கீழே ஒரு பார்வையில் தெரிகிறது.

ஆனால் ஸ்டைலைச் சோதிக்கும் பைகோட்ஸ்டைல் என்ற கருவியில் இரண்டு எச்சரிக்கைகளும் இருக்கின்றன. குறி முதலில் வந்தால் டபிள்யூ503, கடைசியில் வந்தால் டபிள்யூ504. எப்படி மடித்தாலும் ஒன்று அடிக்கும்! இது தெரிந்துதான் பைகோட்ஸ்டைல் இரண்டையுமே இயல்பாக அணைத்து வைத்திருக்கிறது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், நீங்கள் வேறு ஏதோ ஒரு எச்சரிக்கையை அணைக்க அமைப்புக் கோப்பில் இக்னோர் என்று ஒரு வரி எழுதுவீர்கள். அந்த வரி இயல்புப் பட்டியலோடு சேராது, அதை முழுசாகத் தூக்கிவிட்டு உங்கள் பட்டியலை மட்டும் வைக்கும். உடனே 503, 504 இரண்டும் உயிரோடு எழுந்து வந்து ஒன்றுக்கொன்று எதிராகக் கத்தும். புதுப் பையன் ஒருவன் ஒரு நாள் முழுக்க குறியை மேலே ஏற்றி, கீழே இறக்கி, மேலே ஏற்றி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. பைகோட்ஸ்டைலை உள்ளே வைத்து ஓட்டும் ஃபிளேக்8-ல் இக்னோர் என்பதற்குப் பதில் எக்ஸ்டென்ட்-இக்னோர் என்று எழுதுங்கள், இயல்புப் பட்டியல் அப்படியே இருக்கும். பிளாக்கும் சேர்த்துப் பயன்படுத்தினால் அந்த வரியில் இ203-ஐயும் (நிறுத்தக்குறிக்கு முன் இடைவெளி என்ற எச்சரிக்கை) சேர்த்து, வரி நீளத்தை 88 என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பிளாக் செய்ததை ஃபிளேக்8 குறை சொல்லும்.

வரி நீளம் என்றதும் ஞாபகம் வருகிறது. பெப் 8-ல் 79, 2013-ல் குழு ஒத்துக்கொண்டால் 99 வரை போகலாம் என்று தளர்த்தினார்கள், 2018-ல் வந்த பிளாக் 88 என்றது. எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இதில் கருத்தே கிடையாது. ஆனால் தமிழில் செய்தி வைத்து எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. திருநெல்வேலி என்று எழுதினால் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 12 என்று சொல்லும், ஏனென்றால் கொம்பு, கொக்கி, புள்ளி ஒவ்வொன்றும் யூனிகோடில் தனிக் குறியீடு. பைகோட்ஸ்டைல் அந்த 12-ஐத்தான் எண்ணும். பிளாக் சமீபப் பதிப்புகளில் திரையில் பிடிக்கும் அகலத்தைக் கணக்கிடப் பார்க்கிறது, அதனால் இரண்டுக்கும் ஒத்துவராது. திரையில் பாதி இடம்கூட நிரம்பாத வரிக்கு நீளம் அதிகம் என்று எச்சரிக்கை வருவது இதனால்தான். தமிழ்ச் செய்திகளை உடைத்து உடைத்து நாலு வரியாக எழுதாதீர்கள், அப்புறம் தேடினாலும் கிடைக்காது. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஒதுக்கி, அந்தக் கோப்புக்கு மட்டும் வரி நீளம் என்று கத்தும் இ501-ஐ அணைத்துவிடுங்கள். ஃபிளேக்8-லும் ரஃப்பிலும் கோப்புவாரியாக அணைக்க வசதி இருக்கிறது.

சரி, கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது. பிளாக், ரஃப் இரண்டில் ஒன்று போதும், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் அடுக்கும். ரஃப் ரஸ்ட்டில் எழுதியது, வேகம் அதிகம், ஃபிளேக்8, இறக்குமதி வரிகளை வரிசைப்படுத்தும் ஐசார்ட் இரண்டின் வேலையையும் அதுவே பார்க்கும், புதுசாக ஆரம்பித்தால் அதையே வையுங்கள். ஏற்கெனவே பிளாக் ஓடிக்கொண்டிருந்தால் மாற்ற அவசரம் இல்லை. எது என்பதைவிட எந்தப் பதிப்பு என்பதுதான் முக்கியம். ஒருவர் லேப்டாப்பில் பிளாக் 23, இன்னொருவர் லேப்டாப்பில் 24 என்று இருந்தால் ஒரே கோப்பை இரண்டு பேரும் மாறி மாறி மடித்துக்கொண்டே இருப்பார்கள். பைபுராஜெக்ட் டோமல் கோப்பில் ரிக்வயர்ட்-வெர்ஷன் என்று ஒரு வரி வைக்கலாம், வேறு பதிப்பு ஓடினால் கருவியே வேலை செய்ய மறுத்துவிடும். கோடைப் பதிவு செய்யும் முன் சோதிக்கும் ப்ரீ-கமிட் பயன்படுத்தினால் அதிலும் அதே பதிப்பு எண்ணைக் கட்டிவையுங்கள். எடிட்டரில் தனியாக ஒரு ஃபார்மேட்டர் ஒளிந்திருக்கும், அதை மறந்துவிடாதீர்கள், பாதிக் குழப்பம் அதனால்தான்.

பிளாக் 2022 ஜனவரியில் சோதனை நிலையிலிருந்து வெளியே வந்தபோது ஒரு வாக்குறுதி கொடுத்தது: ஒரு காலண்டர் வருசத்துக்குள் வரும் எல்லாப் பதிப்பும் ஒரே மாதிரித்தான் அடுக்கும், மாற்றம் இருந்தால் அடுத்த ஜனவரியில். எனக்கு இது பொங்கலுக்கு வெள்ளையடிப்பது மாதிரிதான் படுகிறது. வருசத்துக்கு ஒருமுறை, சாமானையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, அன்றைக்கு அடுப்பு பற்ற வைக்காமல் அந்த வேலையை மட்டும் பார்ப்போம், அப்புறம் அடுத்த தைவரை சுவரைத் தொட மாட்டோம். கோடுக்கும் அதையே வையுங்கள். ஒரே ஒரு திருத்தம், பொங்கலுக்கு முன்னால் வேண்டாம். மார்கழிக் கடைசியில் தாரும் மஞ்சள் குலையும் கரும்பும் குவியும்போது மண்டிக்காரர்கள் பில்லில் எதையாவது மாற்றச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், அந்த நேரத்தில் எல்லாக் கோப்பையும் கலைத்து வைத்தால் அவ்வளவுதான். வியாபாரம் அடங்கிய பிறகு, தை கடைசியில் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாளில் செய்ய வேண்டியது இது. கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் திறந்து கிடக்கும் கிளைகளில் (தனியாக நடக்கும் வேலைகளில்) முடிக்கக்கூடியவற்றை முந்தின வாரமே முடித்து இணைத்துவிடுங்கள். டெஸ்ட் எல்லாம் ஓடுகிறதா என்று பாருங்கள். கருவியின் பதிப்பு எண்ணை ஏற்றுவது ஒரு கமிட், அதாவது ஒரு பதிவு. அப்புறம் கருவியை எல்லாக் கோப்பின் மேலும் ஓட்டி, கையால் ஓர் எழுத்துகூட மாற்றாமல், அதை மட்டும் இன்னொரு கமிட். அதில் "இதோட அந்த வரி பிழையையும் சரி பண்ணிட்டேன்" என்று எதையும் செருகாதீர்கள், யார் கெஞ்சினாலும் விடாதீர்கள். பிளாக் தான் மாற்றிய கோடின் பொருள் மாறவில்லையா என்று அதன் இலக்கண மரவமைப்பை ஒப்பிட்டுத் தானே சரிபார்த்துக்கொள்ளும், இருந்தாலும் டெஸ்ட்டை மறுபடி ஓட்டுங்கள்.

இதற்குப் பிறகு, எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேம் போட்டுப் பார்த்தால் எல்லா வரியும் வெள்ளையடித்தவர் பெயரில் நிற்கும். அதற்கும் வழி இருக்கிறது. 2019-ல் வந்த கிட் 2.23-லிருந்து, குறிப்பிட்ட கமிட்டுகளைத் தாண்டிப் பார்க்க முடியும். புள்ளி கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் என்ற பெயரில் ஒரு கோப்பு வைத்து, அந்த அடுக்கு கமிட்டின் ஹாஷை (அதன் அடையாள எண்ணை) முழு 40 எழுத்தும் எழுதி வையுங்கள், சுருக்கின ஹாஷ் எடுக்காது. ஒவ்வொருவரும் தங்கள் கணினியில் கிட் கான்ஃபிக் மூலம் பிளேம் டாட் இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் என்ற அமைப்பில் இந்தக் கோப்பின் பெயரை ஒரு தடவை கொடுக்கணும். கிட்ஹப்பில் இதே பெயரில் கோப்பு இருந்தால் தானாகவே எடுத்துக்கொள்ளும். ஹாஷை மெயின் கிளையில் இணைத்த பிறகுதான் எழுதணும், முன்னாலேயே எழுதிவிட்டு அப்புறம் ஸ்குவாஷோ ரீபேஸோ செய்து கமிட்டை மாற்றி எழுதினால் ஹாஷ் மாறிப்போய் கோப்பு எதற்கும் உதவாது.

முடிக்க முடியாமல் யாராவது ஒரு பெரிய கிளையை வைத்திருப்பார்கள், எல்லா ஆபீஸிலும் ஒருவர் உண்டு. அவர் நேரடியாக மெயினை இழுத்தால் வரிக்கு வரி மோதும். அவருக்கான வழி: அடுக்கு கமிட்டுக்குச் சரியாக முந்தின, பதிப்பு எண்ணை ஏற்றிய கமிட்டை முதலில் தன் கிளையில் இணைத்துக்கொள்ளணும், அதில் வரும் மோதல் வழக்கமான மோதல்தான். அப்புறம் அதே கருவியை, அதே பதிப்பை, அதே அமைப்போடு தன் கிளையில் ஓட்டி கமிட் செய்யணும். இப்போது இரண்டு பக்கமும் ஒரே அடுக்கில் நிற்கிறது. அடுத்து அந்த அடுக்கு கமிட்டை அவர்ஸ் என்ற உத்தியோடு இணைத்தால், கிட் அதை ஏற்கெனவே வந்துவிட்டதாகக் குறித்துக்கொண்டு நம் பக்கத்தை அப்படியே வைக்கும். கடைசியாக மெயினை வழக்கம்போல இணைக்கலாம். பதறாமல் பைய செய்தால் அரை மணி நேர வேலை.

பொறுமையாக இருந்தவர்களுக்கு உதாரணம் வேண்டுமென்றால், பைத்தானில் வலைத்தளம் கட்டப் பயன்படும் ஜாங்கோ. பிளாக்குக்கு மாறுவது என்று 2019-லேயே முடிவெடுத்தார்கள், ஆனால் பிளாக் நிலையான பதிப்பாக வரும்வரை காத்திருந்து 2022 பிப்ரவரியில்தான் மொத்தக் கோடையும் மாற்றினார்கள். இடையில், 2020-ல், கடைசிக் காற்புள்ளி இருந்தால் வரியை விரித்தே வைப்பது என்று பிளாக் தன் நடையை மாற்றியது. அவசரப்பட்டு முதலிலேயே மாறியவர்கள் மறுபடி ஒரு தடவை எல்லாவற்றையும் கலைக்க வேண்டியிருந்தது.

தானியங்கி மாற்றங்களில் இரண்டு இடத்தில் மட்டும் கருவியை நம்பாதீர்கள். நிரல் ஓடும்போது நடப்பதைக் குறித்து வைக்கும் லாக் வரிகளில் பழைய சதவீதக் குறி முறைதான் இன்றும் சரி. அந்த லாக் நிலை அணைந்திருந்தால் ஸ்ட்ரிங்கை உருவாக்கும் வேலையே நடக்காது, எஃப்-ஸ்ட்ரிங்காக மாற்றினால் தேவையில்லாமல் ஒவ்வொரு முறையும் நடக்கும். இன்னொன்று மொழிபெயர்ப்பு. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பில் கொடுக்க கெட்டெக்ஸ்ட் பயன்படுத்தினால் அதற்குள் எஃப்-ஸ்ட்ரிங் போடக்கூடாது. மொழிபெயர்ப்பைத் தேடுவதற்கு முன்பே தொகை உள்ளே போய் உட்கார்ந்துவிடுவதால் அந்த வாக்கியம் அகராதிக் கோப்பில் கிடைக்காது, தமிழ் பில் கேட்டவருக்கு ஆங்கில வரி வந்து நிற்கும். அங்கே ஃபார்மட் மெத்தட்தான்.

இனி ஆட்களைப் பற்றி. ரிவ்யூவுக்கு இப்படி ஒன்று வரும். "ஒரு வரிதாம்ணே மாத்தினேன், சேவ் பண்ணதும் அதுவே எல்லாத்தையும் மாத்திருச்சு." "ஒரு வரிக்கு நானூறு வரி செவப்பும் பச்சையுமா நிக்கே லே, இதுல எதைப் போயித் தேட?" இதில் பையன் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை, அவன் எடிட்டர் செய்த வேலை. திருப்பி அனுப்பி, சேவ் செய்யும்போது அடுக்குவதை அணைத்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். ரிவ்யூவில் கருவி பிடிக்காத எந்த ஸ்டைல் விசயத்தையும் யாரும் எழுதக்கூடாது என்று ஒரு விதி வையுங்கள், பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான். ஒருவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தால் அதைக் கருவியின் அமைப்பில் ஒரு வரியாக எழுதிக் கொண்டுவரட்டும், தை மாசம் பேசிக்கொள்ளலாம். பாதிக் கோரிக்கைகள் தைவரை உயிரோடு இருப்பதில்லை. எனக்கே ஒற்றை மேற்கோள்தான் பிடிக்கும், பிளாக் எல்லாவற்றையும் இரட்டையாக்குகிறது, பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

"பேசாம கோ மொழிக்குப் போயிருவோம், அங்க கோஃபம்ட் ஒண்ணுதான், சண்டையே இல்ல" என்று சிலர் சொல்வார்கள். ஓரளவுக்கு உண்மைதான், ஆரம்பத்திலிருந்தே ஒரே அடுக்கு முறையை மொழியோடு சேர்த்துக் கொடுத்ததால் அங்கே இரைச்சல் குறைவு. ஆனால் 2022-ல் 1.19 வந்தபோது கோஃபம்ட்டும் விளக்கக் குறிப்புகளை மாற்றி அடுக்க ஆரம்பித்தது. எங்கே போனாலும் பதிப்பைக் கட்டிவைக்கும் வேலை இருக்கும். மண்டி பில்லை மறுபடி எழுத அண்ணாச்சி காசு தருவாரா என்று கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

வெளியில் ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுக்குத் திருத்தம் அனுப்பும்போது இதில் எதுவும் செல்லாது, அவர்கள் வீட்டு வழக்கம்தான். பைத்தானின் சொந்த நிலையான நூலகமே பிளாக்கால் அடுக்கப்பட்டது கிடையாது, அதனால் உங்கள் எடிட்டர் பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். அந்தக் கோப்புறைக்கு மட்டும் தானியங்கி அடுக்கை அணைத்து, அவர்கள் அமைப்புக் கோப்பு இருந்தால் அதையே எடுத்து, அனுப்புவதற்கு முன் டிஃப்பை ஒருமுறை மேலிருந்து கீழே வாசித்து, நீங்கள் வேண்டுமென்றே மாற்றிய வரியைத் தவிர வேறு எது தெரிந்தாலும் பழையபடி திருப்பிவிட்டு அனுப்புங்கள்.